தீப் பாதுகாப்பு மனை பார்க்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்: புதிதாகக் கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

கட்டடத் தொழிலில் புதிதாக இறங்குவோர் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "கட்டடம் முடிந்துவிட்டது, பெயின்ட் வேலை மட்டும்தான் பாக்கி, ஃபயர் என்ஓசி (தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று) வாங்க என்னென்ன தர வேண்டும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய நாள், மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள். தீயணைப்பான், எச்சரிக்கை மணி, அறிவிப்புப் பலகை ஆகியவற்றைக் கட்டடம் முடிந்த பிறகும் வாங்கி மாட்டிவிடலாம். முன்னால் உள்ள சாலையின் அகலத்தையும், கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தையும், இரண்டாவது படிக்கட்டையும் அப்படி வாங்கி மாட்ட முடியாது. தீ பிடிக்கும்போது மனிதர்களைக் காப்பாற்றுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பொருள்களே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் புதுக் கட்டடமோ மனைப்பிரிவோ தொடங்குபவருக்காக இதை எழுதுகிறேன். மூன்று ஆவணங்களின் பெயர்கள் இதில் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. அதன் நான்காம் பகுதி முழுவதும் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985. நெறித்தொகுப்பு தன்னளவில் சட்டமன்று. மாநில விதிகள் அதைப் பின்பற்றச் சொல்வதால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கீழே தந்திருக்கும் அளவுகளை வரைவுக்கு அடிப்படையாகக் கொண்டு, கோப்பு போடும் நாளில் நடப்பில் இருக்கும் திருத்தத்தை உங்கள் பொறியாளரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் கட்டடம் எந்த வகை என்று முடிவு செய்தல்

உயரமும் பயன்பாடும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மாநில விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயரமான கட்டடம். நெறித்தொகுப்போ 15 மீட்டரிலேயே அந்த எல்லையைப் போடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே அமையும் கட்டடங்கள், அதாவது ஸ்டில்ட்டின் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தின்) மேல் ஐந்து தளம் எழுப்பும் நம்மூர் அடுக்குமாடிகள், குழப்பத்துக்கு உள்ளாகின்றன. அப்படிப்பட்ட கட்டடத்தை உயரமான கட்டடமாகவே கருதி வரையுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. ஐந்தாவது மாடியில் இருக்கும் மூதாட்டிக்கு எந்த விதிப்புத்தகம் எங்கே கோடு போட்டது என்பது பொருட்டாகாது. செலவிலும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு வேறுபாடு வராது.

பயன்பாட்டைப் பொறுத்தவரை குடியிருப்பு, கல்வி, மருத்துவமனை போன்ற நிறுவனங்கள், மக்கள் கூடும் இடம், அலுவலகம், வணிகம், தொழிற்சாலை, கிடங்கு, அபாயப் பொருள் என ஒன்பது பிரிவுகளாக நெறித்தொகுப்பு வகைப்படுத்துகிறது. கீழே கடை, நடுவில் வங்கி, மேலே உடற்பயிற்சிக் கூடம் என்று கலந்து கட்டுபவர்கள், அவற்றுள் கடுமையான நிபந்தனை எதற்கு இருக்கிறதோ அதை நோக்கி வரைவதே நல்லது. பள்ளியோ திருமண மண்டபமோ கட்டுவதாக இருந்தால், உயரம் குறைவு என்று ஒருபோதும் அலட்சியமாக இருக்கக் கூடாது. 2004ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. இரண்டும் வானளாவிய கட்டடங்கள் அல்ல. கூரை எரியக்கூடியதாக இருந்தது. இறங்கி ஓடப் போதிய வழி இல்லை. இன்று நம் மாநிலத்தில் பள்ளி அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று ஆகியவற்றுடன் தீயணைப்புத் துறையின் சான்றும் கேட்கப்படுகிறது.

இரண்டாம் படி: மனையைத் தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் கண்ணால் பார்த்தல்

மனை பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பத்திரத்தில் 40 அடிச் சாலை என்று எழுதியிருக்கும்; நேரில் அளந்தால் வடிகால், மின்மாற்றி, பெட்டிக்கடை எல்லாம் போக 26 அடிதான் மிஞ்சும். உயரமான கட்டடத்துக்கு முன்னால் உள்ள சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உயரமும் தளப்பரப்புக் குறியீடும் (மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற அளவு) கூடக் கூட இந்த எதிர்பார்ப்பும் கூடும். மனைக்கு நேர் எதிரே மட்டும் அகலமாக இருந்தால் போதாது. பெரிய சாலையிலிருந்து உங்கள் வாயில் வரைக்கும் வண்டி எந்தத் திருப்பத்திலும் பின்வாங்காமல் வந்து சேர வேண்டும்.

இதைச் சோதிக்க நான் பின்பற்றும் முறை மிக எளிது. பகுதியில் தண்ணீர் விற்கும் ஒரு பெரிய டேங்கர் லாரியை ஒரு நடைக்கு வாடகைக்கு எடுத்து, மாலை நேரத்தில், இரு பக்கமும் வண்டிகள் நிறுத்தியிருக்கும்போது, பெரிய சாலையிலிருந்து மனைக்கு ஓட்டிவரச் சொல்வேன். ஓட்டுநர் எங்கே தயங்குகிறார், எங்கே கிளீனர் இறங்கி "வா, வா" என்று கை காட்ட வேண்டியிருக்கிறது, எந்த இடத்தில் தாழ்வான கேபிள் வண்டியின் தலையில் உரசுகிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டால், அந்த மனையைப் பற்றி எந்தத் தரகரும் சொல்லாத செய்தி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வாயிலின் அகலம் 4.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. உயரமான கட்டடம் என்றால் 6 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். வாயிலுக்கு மேல் அலங்கார வளைவு கட்டினால் அதன் கீழ் 5 மீட்டர் இடைவெளி வேண்டும். புறநகரில் ஒரு குடியிருப்புத் திட்டத்தில், முதலில் விதிப்படி கட்டிய வளைவுக்கு அடியில் பின்னாளில் பெயர்ப்பலகையும் விளக்குகளும் தொங்கவிடப்பட்டு, இடைவெளி நான்கு மீட்டருக்குச் சுருங்கியிருந்ததை நான் அளந்து பார்த்திருக்கிறேன். எவரும் வேண்டுமென்று செய்ததன்று. அளவைக் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம். மாநில விதிகள் உயரமான கட்டடத்துக்கு 30 மீட்டர் உயரம் வரை குறைந்தது 7 மீட்டர் செட்பேக் கேட்கின்றன. அதற்கு மேல் உயரத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். இதில் வண்டி ஓடும் பாதை 6 மீட்டருக்குக் குறையாமல், 45 டன் வரை எடையுள்ள தீயணைப்பு வாகனத்தைத் தாங்கும் கெட்டித் தரையாக இருக்க வேண்டும் என்கிறது நெறித்தொகுப்பு. புதியவர்கள் செய்யும் பெருந்தவறு இங்கேதான் நிகழ்கிறது. செட்பேக் சும்மா கிடக்கிறதே என்று அதன் அடியில் தண்ணீர் சம்ப்பையும் கழிவுநீர்த் தொட்டியையும் புதைத்து, மேலே கார் ஏறினால் போதும் என்ற கணக்கில் மெல்லிய மூடு தளம் போட்டுவிடுவார்கள். நெருக்கடி வேளையில் ஏணி வண்டி அதன்மேல் ஏறினால் தளம் உடைந்து சக்கரம் உள்ளே இறங்கிவிடும். தொட்டியை அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால், மூடு தளத்தை அந்த எடைக்கு வடிவமைத்துத் தரும்படி கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்து வடிவில் கேளுங்கள். அந்தப் பாதையில் கார் நிறுத்தமோ, ஜெனரேட்டரோ, பூச்செடித் திட்டோ வரக் கூடாது.

மனைப்பிரிவு போடுபவர்களுக்கும் இதே கண்ணோட்டம் பொருந்தும். சாலைகள் சந்திக்கும் மூலைகளில் மனையின் முனையை வெட்டி விடுவது, முட்டுச்சந்தைத் தவிர்ப்பது, தவிர்க்க முடியாத இடத்தில் வண்டி திரும்ப வட்டம் விடுவது ஆகியவற்றை வரைபடக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும். மனை விற்ற பிறகு ஓர் அடி நிலத்தையும் திரும்பப் பெற முடியாது.

மூன்றாம் படி: தலைகளை எண்ணி வழி விடுதல்

இதுதான் மொத்த வேலையிலும் எனக்கு மிக முக்கியமாகப் படும் கட்டம். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளியேறும் வழியின் அகலம் கட்டடக் கலைஞரின் விருப்பத்தால் அமைவதில்லை. ஒரு தளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கணக்கிலிருந்து பிறப்பது. ஓர் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று நெறித்தொகுப்பு ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் சொல்கிறது: குடியிருப்புக்கு 12.5, கல்விக்கூடத்துக்கு 4, அலுவலகத்துக்கு 10, தரைத்தளக் கடைக்கு 3, மேல்தளக் கடைக்கு 6, நாற்காலி போட்ட கூடத்துக்கு 0.6.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முதல் மாடியில் 450 சதுர மீட்டரில் திருமணக் கூடம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்காலி போட்ட கூடத்துக்குரிய 0.6ஆல் வகுத்தால் 750 பேர். படிக்கட்டில் ஓர் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் மொத்தம் 7,500 மில்லிமீட்டர், அதாவது ஏழரை மீட்டர் அகலத்துக்குப் படிக்கட்டு வேண்டும். இரண்டு மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டு வைத்துவிட்டுத் தாராளமாக விட்டிருக்கிறோம் என்று மகிழ்பவர், உண்மையில் 400 பேருக்கு மட்டுமே வழி செய்திருக்கிறார். மீதி 350 பேர் எங்கே போவார்கள்? ஆகவே ஒன்று, இரண்டு மீட்டர் அகலத்தில் நான்கு படிக்கட்டுகள் வைக்க வேண்டும். அல்லது கூடத்தைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். தரைமட்டத்தில் வெளியேறும் வாசலுக்கு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் போதும். அதனால்தான் மண்டபம் கட்ட வருவோரிடம் கூடத்தைக் கீழேயும் அறைகளை மேலேயும் வைக்கும்படி நான் மன்றாடிக் கேட்பது வழக்கம். பார்க்கிங் வருமானத்தை நினைத்து மாறாக முடிவெடுப்பவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

15 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும், தளத்துக்கு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பள்ளி, மருத்துவமனை, மண்டபம், தொழிற்சாலை போன்றவற்றுக்கும் குறைந்தது இரண்டு படிக்கட்டுகள் கட்டாயம். இரண்டும் அருகருகே முதுகோடு முதுகாக இருந்தால் ஒரே புகை இரண்டையும் அடைத்துவிடும். தளத்தின் மூலைவிட்ட நீளத்தில் பாதியாவது அவற்றுக்கு இடையே தொலைவு இருக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் (சூடு பட்டதும் தானே நீர் தெளிக்கும் அமைப்பு) முழுமையாக உள்ள கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். வீட்டின் எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வாயிலுக்கு நடக்கும் தூரம் 30 மீட்டரைத் தாண்டலாகாது. நேர்கோட்டில் அளக்காமல், சுவரையும் மேசையையும் சுற்றிக்கொண்டு கால் நடக்கும் பாதையை அளக்க வேண்டும்.

அகலத்தைப் பற்றி இன்னொரு சொல். கல்விக்கூடப் படிக்கட்டுக்கு 1.5 மீட்டரும், மருத்துவமனைப் படிக்கட்டுக்கு 2 மீட்டரும் குறைந்தபட்ச அளவு. வரைபடத்தில் 1.5 என்று இருக்கும். மேஸ்திரியும் செங்கலுக்குச் செங்கல் அளந்து சரியாகவே கட்டியிருப்பார். பிறகு இரு பக்கமும் பூச்சு ஏறும், அதன்மேல் கிரானைட் பலகை ஒட்டப்படும். ஆய்வு நாளில் நாடாவை நீட்டினால் 1.41 வரும். அந்த ஒன்பது சென்டிமீட்டருக்காகப் பளிங்குபோல் மெருகேற்றிய கல்லை உளியால் பெயர்த்தெடுத்ததை நான் பார்த்து நின்றிருக்கிறேன். கட்டுமானத்தில் 1.65 விடுங்கள், முடிந்த பிறகும் கணக்கு தப்பாது.

படிக்கட்டு நாற்புறமும் சுவரால் மூடப்பட்டு, வெளிச்சுவர் ஒன்றை ஒட்டி, மொட்டை மாடி வரை போக வேண்டும். தீ தாங்கும் கதவு ஒவ்வொரு தளத்திலும் தானே மூடிக்கொள்ள வேண்டும். கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். லிஃப்டைச் சுற்றி ஏறும் படிக்கட்டு அழகாகத் தோன்றலாம். தீயின்போது அது புகைபோக்கியாகிவிடும். தீயணைப்பு வீரர்களுக்கென ஒதுக்கும் லிஃப்ட் குறைந்தது எட்டுப் பேரை, அதாவது 545 கிலோவைத் தாங்கி, ஒரு நிமிடத்துக்குள் உச்சித் தளத்தை எட்ட வேண்டும். 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் ஒதுங்கி நிற்கும் புகலிடத் தளமும் தேவைப்படும். பால்கனி உள்ள குடியிருப்புகளுக்கு இதில் தளர்வுகள் உண்டு.

நான்காம் படி: தண்ணீரும் பம்பும்

தேவையான கருவிகளும் தொட்டிக் கொள்ளளவும் கட்டட வகைக்கும் உயரத்துக்கும் ஏற்ப நெறித்தொகுப்பின் ஒரே அட்டவணையில் தரப்பட்டுள்ளன. 15 முதல் 35 மீட்டர் வரையிலான அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மொட்டை மாடியில் 25,000 லிட்டர் தொட்டியும், நிமிடத்துக்கு 900 லிட்டர் தள்ளும் பம்பும், அங்கிருந்து கீழிறங்கும் குழாயும், ஹோஸ் ரீலும் (உருளையில் சுற்றிவைத்த நீர்க்குழாய்) தேவை. உயரம் கூடும்போது நிலத்தடித் தொட்டி, ஈர ரைசர் (எப்போதும் நீர் நிரம்பி நிற்கும், தளம் தளமாக மேலேறும் குழாய்), பெரிய பம்புகள் என்று பட்டியல் நீளும். 25,000 லிட்டர் என்றால் 25 டன். அந்தப் பாரத்தைத் தூண்களின் வடிவமைப்பில் முதலிலேயே சேர்க்காவிட்டால் பிறகு தொட்டி வைக்க இடமிருந்தும் வைக்க முடியாது.

தீத் தண்ணீர்த் தொட்டியும் குடியிருப்போர் புழங்கும் தொட்டியும் ஒன்றாக இருந்தால், புழங்கும் குழாயின் வாயை உயர்த்தி வைத்து, தீக்குரிய அளவு எப்போதும் கீழே தங்கும்படி செய்ய வேண்டும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்போது நம்மூரில் முதலில் காலியாவது தீக்கென ஒதுக்கிய நீர்தான் என்பதால் இந்த ஏற்பாட்டை எவராலும் எளிதில் மாற்ற முடியாதபடி கான்கிரீட்டிலேயே செய்துவிடச் சொல்வேன். பொருள்கள் வாங்கும்போது இந்தியத் தர நிறுவன முத்திரையைப் பாருங்கள்: கையடக்கத் தீயணைப்பானுக்கு ஐஎஸ் 15683, ஹோஸ் ரீலுக்கு ஐஎஸ் 884. ஹைட்ரண்ட் (தீயணைக்கும் குழாயை மாட்டும் நீர்வால்வு) அமைப்பை ஐஎஸ் 3844 படியும், ஸ்பிரிங்க்ளரை ஐஎஸ் 15105 படியும் நிறுவ வேண்டும்.

ஐந்தாம் படி: புகை, அடித்தளம், மின்சாரம்

தீயில் உயிரிழப்போரில் பலரைத் தீயைவிடப் புகையே முதலில் வீழ்த்துகிறது. ஆகவே வரைபடத்தைப் பார்க்கும்போது "புகை எங்கே போகும்?" என்று தளம் தளமாகக் கேளுங்கள். கட்டடத்தின் முகப்பு முழுவதையும் கண்ணாடியாலும் உலோகப் பலகையாலும் மூடி, திறக்கும் சன்னலே வைக்காமல் விடுவது இன்று வழக்கமாகி வருகிறது. 2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, இறுதியில் முழுவதையும் இடிக்க நேர்ந்ததை நகரமே பார்த்தது. அடர்ந்த புகையால் வீரர்கள் உள்ளே நுழைவதே பெரும்பாடாயிற்று. ஒவ்வொரு தளத்திலும் வெளியிலிருந்து திறக்கக்கூடிய, சிவப்பு எழுத்தில் அடையாளமிட்ட சன்னல்களை முகப்பில் வைக்கும்படி கட்டடக் கலைஞரிடம் வற்புறுத்துங்கள்.

அடித்தளக் கார் நிறுத்தம் 200 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ஸ்பிரிங்க்ளர் வேண்டும். தீயின்போது மணிக்குப் பன்னிரண்டு முறை காற்றை முழுதாக மாற்றும் விசிறிகளும் வேண்டும். மேல் தளங்களுக்குப் போகும் படிக்கட்டு அப்படியே அடித்தளத்துக்கும் இறங்கக் கூடாது. அடித்தளப் புகை நேராக மேலேறிவிடும் என்பதே காரணம்.

மின் கம்பிகள் தளம் தளமாக மேலேறும் ஷாஃப்ட்டில் (செங்குத்துக் கூண்டில்) வேறெதுவும் போகலாகாது. தளத்துக்குத் தளம் கம்பி போன துளையைச் சுற்றித் தீத்தடுப்புக் கலவையால் அடைக்க வேண்டும். இந்த வேலையை மின்பணியாளர் தச்சர் வேலை என்பார், தச்சர் கொத்தனார் வேலை என்பார். கடைசியில் பழைய சிமெண்ட் சாக்கைச் சுருட்டித் திணித்துவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். யார் செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, ஷாஃப்ட் கதவைத் திறந்து நீங்களே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்து மேல்தள வெளிச்சம் தெரிந்தால், அந்த ஷாஃப்ட் புகைக்கு ஏணியாகும்.

ஆறாம் படி: கோப்பும் தடையின்மைச் சான்றும்

சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), பிற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் உயரமான கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தருகின்றன. அந்த விண்ணப்பத்தோடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்றும் சேர வேண்டும். உயரமான கட்டடத்துக்கு இதை இயக்குநர் அலுவலகம் வழங்குகிறது. அதற்கு முன் களத்துக்கு வந்து பார்ப்பவர்கள் மாவட்ட அளவிலான அலுவலர்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே பதியலாம்.

வரைபடத்தில் மனையின் நாற்புற அளவு, சாலை அகலம், வண்டிப் பாதை, படிக்கட்டுகள், தொட்டிகளின் இடமும் கொள்ளளவும், பம்ப் அறை, குழாய்களின் ஒற்றைக்கோட்டுப் படம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். கட்டடக் கலைஞரின் படத்தில் ஒரு தொட்டிக் கொள்ளளவும் பிளம்பிங் ஆலோசகரின் படத்தில் வேறொன்றும் இருப்பதுதான் கோப்பு திரும்பி வருவதற்கு நான் கண்ட மிகச் சாதாரணமான காரணம். களஆய்வுக்கு அலுவலர் வரும்போது இடைத்தரகரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள். உண்மையில் தீயோடு மல்லுக்கு நின்றவர் அவர். "இந்தப் பக்கம் ஏணி வண்டி நின்றால் பால்கனி எட்டாது" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் எந்த விதிப்புத்தகத்திலும் கிடைக்காது. சான்றில் எழுதப்பட்ட நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, களத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஏழாம் படி: கட்டும்போதே காத்தல்

கட்டி முடிக்காத கட்டடத்திலும் தீ பிடிக்கும். பலகை, கயிறு, சாக்கு, பெயின்ட் தின்னர், வெல்டிங் பொறி எல்லாம் ஒரே இடத்தில் கூடும் காலம் அது. அங்கேயே தொழிலாளர் குடும்பங்களும் தங்கியிருக்கும். கட்டடம் உயர உயர ரைசர் குழாயையும் ஒரு தளம் பின்னாலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள். குறைந்தது தண்ணீர் நிரப்பிய டிரம்களும் மணல் வாளிகளும் தளத்துக்குத் தளம் இருக்கட்டும். வெல்டிங் முடிந்த பிறகு அரை மணி நேரமாவது ஓர் ஆள் அங்கே நின்று கவனிக்க வேண்டும். தொழிலாளர் குடிசைகளுக்குக் கீற்றுக் கூரை வேண்டாம். தகரம் போடுங்கள், அடுப்பைத் தனியே வையுங்கள்.

வரைபடத்தில் செய்யும் எந்த மாற்றமும் தீயணைப்புச் சான்றைப் பாதிக்குமா என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனைப் பிரிவின் வேண்டுகோளுக்காக இரண்டாவது படிக்கட்டின் லாபியை ஒரு வீட்டோடு சேர்த்துவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கடைசியில் அந்தச் சுவரை இடித்துப் பழையபடி கட்டித்தான் ஆக வேண்டும். அதற்குள் அந்த வீட்டை ஒருவர் வாங்கியிருப்பார்.

எட்டாம் படி: ஒத்திகையும் ஆய்வும்

கட்டடம் முடிந்ததும், தடையின்மைச் சான்றின் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்றும் இணையாக நடக்கட்டும். இவையெல்லாம் கூடித்தான் திட்ட அதிகார அமைப்பின் நிறைவுச் சான்று. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் கிடைப்பதில்லை.

அலுவலர் வருவதற்கு ஒரு வாரம் முன்பாக நீங்களே முழு ஒத்திகை பாருங்கள். பம்ப் அறையில் ஒருவர், உச்சித் தளத்தின் கடைக்கோடி ஹைட்ரண்டில் ஒருவர், இருவரிடமும் கைபேசி. முதலில் ஹோஸ் ரீலைச் சற்றுத் திறந்தால் அழுத்தம் மெல்ல இறங்கும். குழாயில் அழுத்தம் குறையாமல் காக்கும் சிறிய ஜாக்கி பம்ப் தானே ஓடத் தொடங்கும். பிறகு பெரிய வால்வைத் திறந்தால் பிரதான மின்பம்ப் இயங்க வேண்டும்; மேலே உள்ள அழுத்தமானி 3.5 பாருக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இப்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். சில நொடிகள் அமைதிக்குப் பிறகு டீசல் பம்ப் உறுமிக்கொண்டு எழ வேண்டும்.

எனக்கு ஒருமுறை அந்த அமைதி நீண்டுகொண்டே போயிற்று. ஆய்வுக்கு வந்திருந்த அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். டீசல் பம்பின் பேட்டரி சார்ஜரை வேலைக்கால மின்னிணைப்பில் செருகியிருந்தோம். முந்தைய வாரம் அந்த இணைப்பைக் கழற்றியபோது எவரும் சார்ஜரை நினைக்கவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. மறு ஆய்வுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அன்று முதல் பம்ப் அறைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் சார்ஜரின் சிறு பச்சை விளக்கைத்தான் தேடும்.

ஹைட்ரண்ட் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பித்தளை நாசிலும் கூப்பிளிங்கும் காயலான் கடையில் நல்ல விலை போகும் என்பதால் வேலை நடக்கும்போதே காணாமல் போய்விடும். ஹோஸை உதறி விரித்து, வால்வில் ஒருமுறை மாட்டிக் கழற்றுங்கள். மாட்டாமல் போகும் இணைப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தல்

கட்டடத்தின் வகைக்கு ஏற்பத் தேவைப்படும் தீயணைப்பு உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் குடியிருப்போர் சங்கத்துக்கோ நிர்வாகத்துக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சான்றுகள், பம்பின் கையேடு, பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோப்பில் கொடுங்கள். பம்பை வாரம் ஒருமுறை ஓட்டிக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் பம்ப் அறைச் சுவரில் கயிற்றில் தொங்கட்டும். முதல் பக்கத்தின் முதல் வரியை நீங்களே எழுதுங்கள்.

குடிவந்தவர்களைக் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியேறும் பயிற்சி நடத்துங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் விண்ணப்பித்தால் வீரர்களே வந்து செய்து காட்டுவார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில் அவர்கள் எப்படியும் இதற்காக ஊர் ஊராகப் போகிறவர்கள்தாம். 101 என்ற எண்ணை லிஃப்டுக்கு அருகில் எழுதிவையுங்கள். பயிற்சி முடிந்ததும் காவலாளியை அழைத்து, இரண்டாவது படிக்கட்டின் கீழ்க்கதவுக்கு எப்போதும் பூட்டுப் போடக் கூடாது என்பதை அவர் கையாலேயே அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் காட்டுங்கள். திருட்டுக்குப் பயந்து அவர் மறுநாளே பூட்டக்கூடும்; ஆகவே உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்காத தாழ்ப்பாளை ஒப்படைக்கும் முன்பே பொருத்திவிட்டுச் செல்லுங்கள்.